கை தூக்கினால் காரணம் கேட்கக் கூடாது

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சங்கதி சொல்கிறேன். சின்னப் பசங்க படித்தால் நம்ப மாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும். கடலூரில் ஒரு காலத்தில் பெரிய மனுஷர்கள், மீசை வைத்தவர்கள், ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொம்மைப் படகு விட்டார்கள். அதற்கென்று ஒரு கிளப் இருந்தது. சட்டதிட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோற்றவர் திங்கட்கிழமை முழுக்க ஆபீசில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பொம்மைப் படகு என்று சொன்னால் அப்பாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். "பாய்மரம்னு சொல்லு பாப்பா" என்பார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

அப்பா அப்போது பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேன். கோடு போடுகிற கை. அவருடைய படகு முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். உடைந்த கட்டுமரத்தில் ஒரு துண்டை வாங்கி வந்து, உளியால் குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. அடியில் எடைக்கு ஈயம். வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை அடுப்பில் உருக்கி ஊற்றினார். அம்மாவின் தாளிக்கிற கரண்டி அதில் போயிற்று. அதற்காக அம்மா பேசிய பேச்சு தனிக் கதை. பாய்க்கு மல் துணி. அதைத் தைத்துக் கொடுத்தது அத்தை.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. அப்பாவுக்கு உயிர் சிநேகிதர் ஒருவர் இருந்தார், ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். கத்தோலிக்கர்கள். தேவனாம்பட்டினத்தில், உப்பங்கழியை ஒட்டி வீடு. அப்பா அவரை மச்சான் என்பார், அவரும் அப்பாவை மச்சான் என்பார். அதனால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. அத்தைக்கு அப்பா அண்ணன். கோயிலும் சர்ச்சும் அதற்குக் குறுக்கே நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கும் எங்கள் வீட்டுப் பொங்கலும் ஒரே தூக்குவாளியில்தான் போய் வந்தன.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் வாசனைதான் முதலில் வரும். தையல் மெஷின் எண்ணெய் வாசனை, மாமா சட்டையில் வருகிற அம்மோனியா நெடி, ஜன்னல் வழியாகக் கழியின் உப்புக் காற்று. மாமா சாயங்காலம் வரும்போது ஐஸ் கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றி மரத்தூளோடு கொண்டுவருவார். அத்தை அதை உடைத்து நன்னாரி சர்பத்தில் போட்டுக் கொடுப்பார்கள். ஃபிரிட்ஜில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறோமே, அதில் அந்தக் குளிர் வராது. நான் இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

படகு விடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. ரிமோட் எல்லாம் கிடையாது. விட்டால் விட்டதுதான். பாயையும் சுக்கானையும் காற்றுக்குத் தக்கபடி கட்டி இந்தக் கரையில் விட வேண்டும். படகு தானாக அந்தக் கரைக்குப் போகும். அங்கே ஒரு துணை ஆள் நிற்பார். அவர் அதைத் திருப்பி விடுவார். முதலில் திரும்பி வருவது ஜெயித்தது. ஒரு நேரத்தில் இரண்டு படகு. அப்பாவுக்கு நான் துணை ஆள். மாமாவுக்கு அத்தை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழியோரம் அத்தை ஓடுவதைப் பார்க்கத் தேவனாம்பட்டினமே வேலையை விட்டுவிட்டு நிற்கும்.

கிளப் செக்ரட்டரி ஒரு ரிட்டயரான டிராயிங் மாஸ்டர். சட்டங்கள் அவர் போட்டவை. நடுவர் கிடையாது. தப்புப் பண்ணினவர் தானே கை தூக்க வேண்டும். இடித்தாலும், இரண்டு தரம் தள்ளினாலும், துணை ஆளின் கை அடுத்தவர் படகில் பட்டாலும், தப்புப் பண்ணின பக்கத்துப் படகுக்காரர் கை தூக்கிவிட்டு ஒதுங்க வேண்டும். "தண்ணியில நடக்குறது ஊருக்கெல்லாம் தெரியாது. செஞ்சவனுக்குத் தெரியும், அவனே சொல்லட்டும்" என்பார். துணை ஆள் போட்டியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: ஒருத்தர் கை தூக்கினால் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அன்றைக்கும் கூடாது, பிறகும் கூடாது.

"காரணம் கேட்டா வெக்கப்படுவான். வெக்கப்பட்டா அடுத்த வாட்டி தூக்க யோசிப்பான்." செக்ரட்டரி இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கும் அது ரொம்பப் பெரிய நியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால், பெரியவர்கள் ஒரு காரியத்தை எவ்வளவு அழகாகச் சொல்லிக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று இருக்கிறது.

இன்னொரு சட்டமும் உண்டு. வேண்டுமென்றே தோற்கக் கூடாது. கிளார்க் ஒருவர் தன் மேலதிகாரியோடு போட்டி வந்தபோது பாயைத் தளர்த்திக் கட்டிவிட்டார். படகு நடுக்கழியில் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றது. செக்ரட்டரி அவரைக் கூப்பிட்டு, "நீங்க படகு விட வரல சார், இன்கிரிமென்ட் வாங்க வந்திருக்கீங்க. அத ஆபீஸ்லயே வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கழிப் பக்கமே வரவில்லை. அப்பாவும் மாமாவும் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். திருடினவனைக்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் முழுப் பரீட்சை லீவில் சிதம்பரத்தில் போட்டி. அங்கேயும் ஒரு கிளப் இருந்தது. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. அதற்கு முந்தின நாள் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எங்கே? அதே சிதம்பரத்துக்குத்தான். தூரம் ஒன்றும் இல்லை, ஒரு பஸ் ஏறினால் இறங்குகிற தூரம். ஆனால் கடலூர்க்காரராக அவர் படகு விடுவது அதுவே கடைசி. அதை அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் மாமாவிடம்தான் சொன்னார். கழியோரம் இருவரும் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. மாமா, "போற எடத்துல நல்ல காத்து இருக்கு மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு மூக்கைச் சிந்தினார்.

சிதம்பரத்துக் குளம் பெரியது. நாலு பக்கமும் கருங்கல் படி. கோடையில் தண்ணீர் இறங்கி, கீழ்ப் படிகள் பாசியோடு வெளியே தெரிந்தன. மதியத்துக்கு மேல் கடல்காற்று அங்கே வரைக்கும் வந்தது. சிதம்பரத்துப் படகுகள் ஒவ்வொன்றாகத் தோற்க, கடைசியில் எதிரெதிரே நின்றவை அப்பாவின் வெள்ளைப் படகும் மாமாவின் பச்சைப் படகும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். "விட மாட்டேன் மச்சான்" என்றார் அப்பா. "விட்டா கேளு" என்றார் மாமா.

அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். மாமாவுக்கு ஈரம் ஆகாது, மேல் படியில் நின்றார். எதிர்க்கரையில் நானும் அத்தையும். படகுகள் வந்த அழகை என்னவென்று சொல்வேன். காற்று விட்டு விட்டு அடித்தது. இரண்டு பாயும் சேர்ந்து சாய்ந்தன, சேர்ந்து நிமிர்ந்தன. அப்பாவின் படகு முதலில் வந்தது. நான் அதைத் திருப்ப ஓடினேன். பாசியில் கால் வைத்தேன்.

விழுந்தது தெரியும். முட்டி கல்லில் பட்டது தெரியும். தலை நிமிர்ந்தபோது வெள்ளைப் படகு நேராகப் படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. மோதினால் மூக்கு பிளந்திருக்கும். அத்தை தன் படகை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார்கள். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள், மறு கையால் அப்பாவின் படகைத் தடுத்து, அது நிற்காமலே திருப்பி விட்டார்கள். அப்புறம்தான் தன் படகுக்குப் போனார்கள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

அப்பா கீழே நின்றதால் அவருக்குப் பாய்கள்தான் தெரிந்தன, பின்னால் நடந்தது தெரியவில்லை. மேல் படியில் நின்ற மாமாவுக்குத் தெரிந்தது. திரும்பி வருகையில் பச்சைப் படகு காற்றை வாங்கி முந்திக்கொண்டது. கரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. ஜெயித்துவிடும் என்று எல்லோரும் வேடிக்கை பார்க்கும்போது மாமா கை தூக்கினார்.

ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. சட்டம் அப்படி. அப்பா திரும்பி மாமாவைப் பார்த்த பார்வை எனக்கு எதிர்க்கரையிலிருந்தே தெரிந்தது. அவர் சந்தோஷப்படவில்லை. அறை வாங்கினவர் மாதிரி நின்றார். முந்தின நாள் மாற்றல், இன்றைக்குக் கடைசிப் போட்டி, ஜெயிக்கிற படகை வைத்துக்கொண்டு சிநேகிதன் கை தூக்குகிறான். அப்பா கணக்குப் போட்டுவிட்டார். பாவம் பார்த்து விட்டுக் கொடுத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நான் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, "அப்பா, அத்தை வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"துணை ஆளு பேசக் கூடாது பாப்பா."

முட்டியில் ரத்தம் வழிந்ததைப் பார்த்தார். துண்டைக் கிழித்துக் கட்டினார். மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி அதையே சொன்னார்.

பஸ்ஸில் எல்லோரும் ஒன்றாகத்தான் வந்தோம். அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். கடலூரில் இறங்கியதும் மாமா, "நாளைக்கு வரேன் மச்சான், சாமான் கட்டணுமே" என்றார். அப்பா படகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வேணாம் சார். நாங்களே பாத்துக்கிறோம்" என்றார்.

சார். அந்த ஒரு சொல்லில் மாமாவின் முகம் இறங்கியதை நான் பார்த்தேன். அத்தை எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்கள். அவர்களும் துணை ஆள்தானே.

ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா நம்பவில்லை. "அவன் சொல்லிக் குடுத்துப் பேசுது. புள்ளைய வச்சு எனக்குச் சமாதானம் சொல்றான்" என்றார். நான் அழுதேன். பொய் சொல்லவில்லை என்று அழுதேன். விழுந்த வலியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மஞ்சள் பத்துப் போட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தோற்றதாக அப்பா செக்ரட்டரியிடம் புகார் சொல்லியிருந்தால், செக்ரட்டரி மாமாவைக் கூப்பிட்டிருப்பார், அன்றைக்கே உண்மை வெளியே வந்திருக்கும். அப்பா சொல்லவில்லை. சிநேகிதனைக் கிளப்பை விட்டுத் துரத்திவிடுவார்களே என்று வாயைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு கோபத்திலும் அவரைக் காப்பாற்றினார். அந்த நல்ல மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று இப்போது தெரிகிறது.

சிதம்பரத்துக்கு வந்த பிறகு அப்பா படகு விடவில்லை. படகு பரணுக்குப் போயிற்று. பாயை அம்மா கழற்றி ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டினாள். அத்தை தைத்த அந்தச் சின்னச் சின்னத் தையல் எலுமிச்சங்காய்ச் சாற்றில் மஞ்சளாகிப் போனதைப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன். போட்டிக்குப் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அம்மா விடுவாளா, அதில்தான் பல வருஷம் தண்ணீர் பிடித்தாள். அப்பா அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டார். தனக்கென்று ஒரு மண்பானை வாங்கி வைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாம், உடம்புச் சூட்டுக்கு மண்பானை நல்லது சார் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்குத்தான் அந்த வீடு வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் தூக்குவாளியைத் தேடுவேன். கடலூர் பஸ்ஸைப் பார்த்தால் ஏறிவிடலாமா என்று தோன்றும். வயசுப் பிள்ளையைத் தனியே யார் அனுப்புவார்கள். அப்புறம் கல்யாணம், வேலை, வேறு ஊர். ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

சுனாமி வந்தபோது நான் லீவில் சிதம்பரத்தில் இருந்தேன். டிவியில் தேவனாம்பட்டினம் என்ற பெயரைக் கேட்டதும் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். நானும் கூடவே ஓடினேன். அந்த வீடு இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. ஜனங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அப்பா உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். வேகவேகமாக ஊற்றி, கொஞ்சம் கீழேயும் சிந்தினார்.

"இருக்கான்" என்றார் அப்பா.

"வாங்கப்பா, போய்ப் பேசலாம்."

"இருக்கான் இல்ல, போதும். வா." பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். நான் அவர் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

இப்போது நான் அப்பாவோடு சிதம்பரத்தில் இருக்கிறேன். அம்மா போய்விட்டாள். இந்த ஆவணியில் கடலூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த வயதான அம்மா என்னையே பார்த்தார்கள்.

"நீ டிராப்ட்ஸ்மேன் மவ பாப்பா தான?"

அத்தை. முகம் சுருங்கி, பல் போய், ஆனால் அதே குரல். நான் எச்சில் கையோடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாமா எங்கே என்று கேட்டேன். போன கிறிஸ்துமஸ் கழித்துப் போய்விட்டார் என்றார்கள். தூக்கத்தில்.

பாயசம் ஊற்றினார்கள், இருவரும் தொடவில்லை. நான் கேட்டே விட்டேன், மாமா ஏன் ஒரு தடவையாவது வரவில்லை என்று.

"எந்த மொகத்த வச்சிகிட்டு வருவாரு? பொண்டாட்டி சிநேகிதன் படக தொட்டுட்டா, அதுல அண்ணனுக்குக் கோவம்னு நெனச்சாரு. சார்னு சொல்லிட்டாரே. நா போய்ப் பேசறேன்னு எத்தினி வாட்டி சொன்னேன். ‘அவன் கேக்கட்டும், நானா போயி சொன்னா சாக்கு சொல்றாப்ல இருக்கும்’னு விடல. ஒன்ன தூக்குனதுக்கு எம்மேல ஒரு நாளும் கோவிச்சது இல்ல. அத மட்டும் சொல்லணும்."

அப்பா என்ன நினைத்தார் என்பதை நான் சொன்னேன். அத்தை நம்பவில்லை. மறுபடி சொன்னேன். இலையைத் தள்ளி வைத்துவிட்டு, "விட்டுக் குடுத்தாரா? அவரா? தாயக்கட்டை ஆட்டத்துலகூட விட்டுக் குடுக்க மாட்டாரே அந்த மனுஷன்" என்றார்கள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சின்ன வயதில் நான் சொன்னதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. இந்தத் தடவை நம்பினார். பிறகு, "இருக்கானா?" என்றார். இல்லை என்றேன். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எண்பது தாண்டியவரைப் பஸ்ஸில் கூட்டிப் போக முடியாது என்று கார் பிடித்தேன்.

சுனாமிக்குப் பிறகு அத்தை வீட்டாருக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்ன வீடு. சுவரில் மாமாவின் படம், மாலை போட்டு. அப்பா அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்த நான் கேட்டிருக்கலாம் தங்கச்சி."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு அண்ணே."

அப்பா தலையை ஆட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்க ஆரம்பித்தார். ரிட்டயரான பிறகு என்ன செய்தான்? சர்க்கரை இருந்ததா? சுனாமி அன்றைக்கு எங்கே இருந்தான், எப்படித் தப்பினான்? ஈரம் ஆகாதே அவனுக்கு, மழைக்காலத்தில் என்ன செய்தான்? ராத்திரி தூங்குவானா? கடைசியில் வலி இருந்ததா? அத்தை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். ஒரு பதில் முடிவதற்குள் அடுத்ததைக் கேட்டார். சிலதை இரண்டு தரம் கேட்டார். வெயில் இறங்கி, தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தார்கள், கார்க்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அப்பா நிறுத்தவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"போதும்பா, அத்தைக்குக் களைப்பா இருக்கும்" என்றேன்.

"கேக்கட்டும் விடு பாப்பா" என்றார்கள் அத்தை. "இத கேக்கத்தான் ஆளு வரலன்னு அவரு உக்காந்திருந்தாரு."